சாப்பாட்டுச் செலவைத் தலைக்கணக்கில் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுப்பவர்களுக்கும், அந்தக் கணக்கை வைத்து வறுமைக்கோடு கிழிப்பவர்களுக்கும், அந்தக் கோட்டை வைத்து யாருக்கு உதவி, யாருக்குக் கிடையாது என்று முடிவு கட்டுபவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் அறிக்கைகளில் ஒரு வரி தவறாமல் வருகிறது. குடும்பங்கள் சாப்பாட்டுக்குச் செலவழிக்கும் பங்கு குறைந்திருக்கிறது, ஆகவே மக்களின் வாழ்க்கைத்தரம் உயர்ந்திருக்கிறது என்று. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் தலைக்கு இவ்வளவு செலவு என்று ஒரு அட்டவணை. இந்த இரண்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டும் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டையும் கரைத்துக் குடித்தாலும் ஒரு பெரிய குடும்பத்தின் அடுப்படியில் மாதக் கடைசியில் என்ன நடக்கிறது என்பது தெரியாது, அதுதான் என் ஆதங்கம். நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. நான்கு பெரியவர்களும் மூன்று பிள்ளைகளுமாக ஏழு பேர் சாப்பிடும் வீட்டில் மளிகைக் கணக்கு எழுதுகிறவள். இந்த விஷயத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்து வருகிறேன், அவ்வளவுதான் என் தகுதி.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். வருமானம் ஏற ஏற அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு இறங்கும் என்பதை 1857-லேயே எர்ன்ஸ்ட் ஏங்கல் எழுதிவிட்டார். சாக்சனியின் புள்ளியியல் அலுவலகத்தை நடத்தியவர். (மார்க்ஸின் நண்பர் ஏங்கெல்ஸ் வேறு ஆள், நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.) அவர் கையில் இருந்தது பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்கு. குடும்பங்களை மூன்று வகையாகப் பிரித்திருந்தார்கள்: பிறர் உதவியில் பிழைப்பவர்கள், உதவி இல்லாமல் எப்படியோ ஓட்டுபவர்கள், கொஞ்சம் வசதியானவர்கள். மொத்தச் செலவில் சாப்பாட்டுக்கு முதல் வகையினர் சுமார் 71 சதவீதம் கொடுத்தார்கள், இரண்டாம் வகையினர் 67, மூன்றாம் வகையினர் 62. நூறு வருடம் கழித்து, 1957-இல், ஹவுதாக்கர் என்ற பொருளாதார அறிஞர் சுமார் முப்பது நாடுகளின் கணக்கை வைத்துப் பார்த்தார், அங்கேயும் அதே கதைதான். பொருளாதாரத்தில் இத்தனை காலம் அசையாமல் நின்ற விதி வேறு உண்டா என்றே தெரியவில்லை.

சரி, அந்த விதி சொல்வது என்ன? சாப்பாட்டுக்கான தொகை குறையும் என்று அது சொல்லவே இல்லை, பங்குதான் குறையும். சம்பளம் இரண்டு மடங்கானால் சாப்பாட்டுச் செலவும் ஏறத்தான் செய்யும், ஆனால் இரண்டு மடங்கு ஏறாது. ஏறுகிற தொகையிலும் பெரும்பகுதி கூடுதலாகச் சாப்பிடுவதற்குப் போவதில்லை, நல்லதாகச் சாப்பிடுவதற்குப் போகிறது. தானியத்தையும் கிழங்கையும் கொண்டு வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்த வீட்டில் காசு சேரச் சேரத் தட்டில் அவற்றின் இடம் சுருங்கி மற்றதெல்லாம் உள்ளே வரும். பென்னட் என்பவர் 1941-இல் இதைச் சொன்னார், அவர் பேரிலேயே அதுவும் ஒரு விதியாகிவிட்டது. அப்புறம் வெளியில் சாப்பிடுவது, நறுக்கிக் கழுவி வைத்ததை வாங்குவது எல்லாம் சேர்ந்துகொள்ளும். அதாவது சாப்பாட்டுச் செலவு என்று நீங்கள் ஒரே வரியில் எழுதுவதற்குள் பசியும் இருக்கிறது, ருசியும் இருக்கிறது, நேரமில்லாமையும் இருக்கிறது.

இதுவரை வருமானம். இனி தலைகள்.

ஒரே வருமானம் உள்ள இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இரண்டு பேர், இன்னொன்றில் ஆறு பேர். ஆறு பேர் வீட்டில் சாப்பாட்டின் பங்கு கூடத்தான் இருக்கும், அதைப் பார்த்து அந்த வீடுதான் சிரமப்படுகிறது என்று நீங்கள் சொன்னால் நானும் தலையாட்டுவேன். இங்கிருந்து உங்களில் சிலர் இன்னொரு படி தாவுகிறீர்கள். எந்த இரண்டு வீட்டில் சாப்பாட்டின் பங்கு ஒன்றாக இருக்கிறதோ அந்த இரண்டு வீடும் ஒரே வசதியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளை பிறந்தால் பழைய பங்குக்குத் திரும்ப எவ்வளவு பணம் வேண்டும் என்று பார்த்து, அதுதான் பிள்ளையின் செலவு என்கிறீர்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சின்னப் பிள்ளைக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி சாப்பாடுதானே? பிள்ளைக்கு வேண்டிய அத்தனையையும் யாரோ ஒரு புண்ணியவான் காசாகக் கொடுத்துவிடுகிறார் என்று வையுங்கள். பெற்றவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. அப்படியும் அந்த வீட்டில் சாப்பாட்டின் பங்கு ஏறிவிடும், உங்கள் சூத்திரம் ஐயோ இவர்கள் ஏழையாகிவிட்டார்கள் என்று சொல்லும். நிக்கல்சன் என்பவர் 1970-களிலேயே இந்த ஓட்டையைக் காட்டிவிட்டார். அதற்கு மாற்றாக ராத்பார்த் என்பவர் 1943-இல் சொல்லிவைத்த வழி ஒன்று உண்டு: பிள்ளை வந்த பிறகு பெற்றவர்கள் தங்களுக்கென்று மட்டும் வாங்கிக்கொள்வதில், புகையிலை, மது, பெரியவர்களின் துணிமணி இப்படி, எவ்வளவு குறைத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள் என்றார். பெற்றவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்ததை அளக்கும் முயற்சி அது. எனக்கு அது பிடித்திருக்கிறது, ஆனால் அது செலவைக் குறைத்துக் காட்டும் என்கிறார்கள். ஒன்று கூட்டிக் காட்டுகிறது, இன்னொன்று குறைத்துக் காட்டுகிறது, உண்மை நடுவில் எங்கோ கிடக்கிறது. இதை உங்கள் அறிக்கையில் அடிக்குறிப்பாகக்கூட நான் பார்த்ததில்லை.

இதைவிடப் பெரிய புதிர் ஒன்று இருக்கிறது. ஆங்கஸ் டீட்டன், பின்னால் 2015-இல் நோபல் பரிசு வாங்கியவர், கிறிஸ்டினா பாக்ஸன் என்பவரோடு சேர்ந்து 1998-இல் எழுதியது. அவர்கள் யோசித்த விதம் நம் அடுப்படி யோசனை மாதிரியே இருக்கும். பெரிய குடும்பமாகச் சேர்ந்து இருந்தால் சில செலவு மிச்சம். வீடு ஒன்று, விளக்கு ஒன்று, கதவு ஒன்று. அதனால் தலைக்கு வரும் பணம் சமமாக இருக்கும் இரண்டு வீடுகளில், பெரிய வீட்டில் ஆளுக்குக் கொஞ்சம் காசு மிஞ்ச வேண்டும். மிஞ்சிய காசு எங்கே போகும்? ஏழை வீடாக இருந்தால் நிச்சயம் சாப்பாட்டுக்குப் போகும், ஏனென்றால் அங்கே வயிறு இன்னும் நிறையவில்லை. சாப்பாட்டை மட்டும் பங்குபோட முடியாது, நான் சாப்பிட்டதை நீங்கள் சாப்பிட முடியாது. ஆக, தலைக்கு வருமானம் சமம் என்றால் பெரிய குடும்பத்தில் தலைக்குச் சாப்பாட்டுச் செலவு கூடியிருக்க வேண்டும், அதுவும் ஏழை நாடுகளில் நன்றாகக் கூடியிருக்க வேண்டும். பணக்கார நாடு, ஏழை நாடு என்று ஏழு நாட்டுக் கணக்கைப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் நேர் எதிர். குடும்பம் பெரிதாகப் பெரிதாகத் தலைக்குச் சாப்பாட்டுச் செலவு குறைந்தது, ஏழை நாடுகளில் இன்னும் அதிகமாகக் குறைந்தது.

இதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். மொத்தமாக வாங்கினால் மலிவு, பெரிய பாத்திரத்தில் சமைத்தால் வீணாவது குறைவு, எரிபொருள் மிச்சம், கணக்கெடுப்பில் பிழை, இப்படி. இதில் எதுவுமே முழுப் புதிரையும் அவிழ்க்கவில்லை என்றுதான் வாசித்த வரை தெரிகிறது. அறிஞர்கள் சண்டையில் நான் தலையிடவில்லை, ஆனால் இந்த விளக்கங்களை ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வைத்துப் பார்க்கும் உரிமை எனக்கு உண்டு.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது சரிதான். பெரிய மூட்டைக்கும் சின்னப் பொட்டலத்துக்கும் எடைக்கு எடை விலையில் எவ்வளவு வித்தியாசம் என்பது வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூட்டை வாங்க ஒரே நேரத்தில் கையில் அவ்வளவு காசு வேண்டும், கொண்டுவந்து போட இடம் வேண்டும், பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ளப் பாத்திரம் வேண்டும். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் பொருள் வாங்குகிற வீட்டில் இது மூன்றும் இருக்காது. அமெரிக்காவில் கழிப்பறைக் காகிதம் வாங்குவதை வைத்து இதை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். சிரிக்காதீர்கள், யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்: கெட்டுப் போகாத பொருள், மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக யாரும் கூடுதலாகப் பயன்படுத்தப் போவதில்லை. வசதி குறைந்த வீடுகள் மொத்தமாக வாங்குவதும், தள்ளுபடி வரும்போது பார்த்து வாங்கி வைப்பதும் குறைவாக இருந்தது. கையில் காசு புழங்கும் மாத முதல் வாரத்தில் அதே வீடுகள் மொத்தமாக வாங்கின. சிக்கனம் தெரியாமல் இல்லை, சிக்கனமாக இருப்பதற்கு முதலில் கொஞ்சம் காசு தேவைப்படுகிறது. ஆகவே ஏழைப் பெரிய குடும்பத்துக்குத்தான் மொத்த விலை லாபம் அதிகம் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

வீணாவது குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏழு பேர் வீட்டில் மிச்சம் என்று ஒன்று கிடையாது.

பிழைக்கு வருகிறேன், இதுதான் எனக்கு நேரில் தெரிந்த சங்கதி. எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை கணக்கெடுக்க வந்தார்கள். வந்த பெண் நல்ல பிள்ளை, பொறுமையாகத்தான் கேட்டாள். கடந்த ஏழு நாளில் இது எவ்வளவு வாங்கினீர்கள், அது எவ்வளவு, விலைக்கு வாங்கியதா, இனாமாக வந்ததா என்று பக்கம் பக்கமாகப் போகிறது. முதல் இருபது பொருளுக்கு நான் யோசித்து யோசித்துப் பதில் சொன்னேன். உள்ளே இருந்து என் மாமியார் இல்லையே, அதை இரண்டு தடவை வாங்கினோமே என்று திருத்தினார், அவள் அடித்து எழுதினாள். அதற்கப்புறம் அடுப்பில் இருந்ததைப் பார்க்க எழுந்து எழுந்து போனேன், பதில் சுருங்கிக்கொண்டே வந்தது, கடைசிப் பக்கங்களில் வழக்கம்போலத்தான் என்று சொன்னேன், அவளுக்கும் அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம். பெரியவன் வெளியில் நண்பர்களோடு என்ன தின்கிறான், மாமனார் நடைப் பயிற்சிக்குப் போகும்போது எங்கே உட்கார்ந்து என்ன குடிக்கிறார், வேலை செய்யும் இடத்தில் என் வீட்டுக்காரருக்கு மதியம் என்ன கிடைக்கிறது, இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? என்னைத் தவிர வேறு யாரையும் அவள் கேட்கவில்லை, கேட்கச் சொல்லி அந்தத் தாளிலும் இல்லை. தனி ஆளாக இருக்கிறவரிடம் கேட்டால் தான் தின்றதைத் தானே சொல்வார். ஏழு பேர் தின்றதை ஒருத்தி சொல்ல வேண்டும் என்றால் நான்கு பேருடையது விடுபடத்தானே செய்யும்?

இது என் அனுமானம் மட்டும் இல்லை. தான்சானியாவில் கேள்வித்தாளை எட்டு விதமாக மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2012-இல் வந்தது. வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக நாட்குறிப்பு எழுதியதோடு ஒப்பிட்டால், ஒருவரைக் கேட்டு ஞாபகத்திலிருந்து எழுதிய கணக்கு குறைவாக வந்தது, அந்தக் குறைவு ஏழை வீடுகளிலும் பெரியவர்கள் நிறைய இருக்கும் வீடுகளிலும் இன்னும் அதிகம். பெரிய குடும்பம் தலைக்குக் குறைவாகச் சாப்பிடுகிறது என்று நீங்கள் கண்டுபிடித்ததில் எவ்வளவு நிஜம், எவ்வளவு நாங்கள் சொல்ல மறந்தது என்று முதலில் பிரித்துக் காட்டுங்கள்.

பிழையெல்லாம் போக மிஞ்சுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரு விளக்கம் உண்டு. அதை எந்தச் சூத்திரத்திலும் நான் காணவில்லை, கோபம் வருவதும் அதனால்தான். ஒரு வீட்டின் செலவில் சிலது அசையாது. வாடகை, கடன் தவணை, பிள்ளைகளின் படிப்புக் கட்டணம், வேலைக்குப் போய்வரும் போக்குவரத்து. இவற்றை ஒரு மாதம் பாதி கொடுத்துச் சமாளிக்க முடியாது, கொடுக்காவிட்டால் ஆள் வந்து நிற்பான். அசைகிற செலவு ஒன்றே ஒன்று, அது அடுப்படி. தட்டில் எது வரும், எது வராது என்று எந்தக் கடன்காரனும் வந்து பார்ப்பதில்லை. அதனால் நெருக்கடி வந்தால் முதலில் வெட்டு விழுவது அங்கேதான். ஒரு வேளை சத்துள்ளதைக் குறைத்து வயிற்றை நிரப்புவதைக் கூட்டுவோம், ஒருமுறை வாங்கியதை நீட்டி வைப்போம், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே ஒவ்வொருவர் தட்டிலும் அளவு சிறுக்கும். இப்போது உங்கள் அட்டவணையில் அந்த வீட்டைத் தேடுங்கள். சாப்பாட்டின் பங்கு குறைந்திருக்கிறது! வாழ்க்கைத்தரம் உயர்ந்துவிட்டது என்று எழுதிவிடுவீர்கள். வாடகை ஏறியதால் குறைந்த பங்கும் சம்பளம் ஏறியதால் குறைந்த பங்கும் தாளில் ஒரே எண்தான், ஆனால் ஒரு வீட்டில் நிம்மதி, இன்னொரு வீட்டில் பட்டினி. தொகையையும் பங்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, தட்டில் தானியம் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்ற பிரிவையும் காட்டினாலே இது வெளியே வந்துவிடும். அந்த விவரம் உங்களிடம் இருக்கிறது, கேள்வித்தாளில் நூற்றுக்கணக்கான பொருளை வரிசையாகக் கேட்டுத்தானே வாங்கினீர்கள், அச்சில் வரும்போது மட்டும் ஒரே வரியாகச் சுருங்கிவிடுகிறது.

பெரிய குடும்பத்தில் மிச்சம் என்கிறீர்களே, அதிலும் ஒரு சந்தேகம். ஏழு பேர் இரண்டு அறையில் இருப்பதை வீட்டுச் செலவில் கிடைத்த சிக்கனம் என்று எழுதுவீர்கள். அது சிக்கனமா நெருக்கடியா என்பதை இரவில் பாய் விரிக்கிறவர்களைக் கேளுங்கள்.

அடுத்தது, தலையை எண்ணும் முறை. தலைக்கு வருமானம் என்றால் பச்சைப் பிள்ளைக்கும் உழைக்கிற ஆளுக்கும் ஒரே பங்கு, சேர்ந்து இருப்பதால் வரும் மிச்சம் சுத்தமாகக் கணக்கில் இல்லை. இது பிழை என்று தெரிந்துதான் சமானக் கணக்கு என்று ஒன்றைக் கொண்டுவந்தீர்கள்: ஆளுக்கு ஒரு எண் போட்டு, எல்லாவற்றையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் குடும்ப வருமானத்தை வகுப்பது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 1982-இல் முன்வைத்த பழைய கணக்கில் முதல் பெரியவருக்கு 1, அடுத்த ஒவ்வொரு பெரியவருக்கும் 0.7, பிள்ளைக்கு 0.5. 1990-களில் அதைத் திருத்தி முதல் ஆளுக்கு 1, அடுத்த பெரியவர்களுக்கு 0.5, பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 0.3 என்றார்கள். இன்னும் சுலபமாக, மொத்த ஆட்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து அதால் வகுத்துவிடுங்கள் என்று ஒரு வழியும் உண்டு.

எங்கள் வீட்டை இதில் போட்டுப் பார்த்தேன். மாத வருமானம் 70 என்று வையுங்கள், எந்த நாட்டுக் காசு என்பது முக்கியமில்லை. ஒப்பிட்டுப் பார்க்கக் கணவன் மனைவி மட்டும் உள்ள ஒரு வீடு, வருமானம் 30. தலைக்கணக்கில் எங்களுக்கு 10, அவர்களுக்கு 15, நாங்கள்தான் ஏழை. பழைய கணக்கில் எங்களுக்கு 15.2, அவர்களுக்கு 17.6, இன்னும் நாங்கள்தான் ஏழை. திருத்திய கணக்கில் எங்களுக்கு 20.6, அவர்களுக்கு 20. பாருங்கள், தாண்டிவிட்டோம்! வர்க்கமூலத்தில் எங்களுக்கு 26.5, அவர்களுக்கு 21.2, நாங்கள் சீமான்கள். வருமானம் ஒரு காசு ஏறவில்லை, ஒரு வாய் குறையவில்லை. வகுக்கும் எண்ணை மாற்றினால் எங்கள் ஏழ்மை ஓடிப் போய்விடுகிறது. இந்தத் திருத்திய கணக்கும் வர்க்கமூலமும் சாப்பாட்டுக்கு வருமானத்தில் சின்னப் பங்கு போகிற நாடுகளுக்குப் பொருந்தலாம், அங்கே பெருஞ்செலவு வீடு, வீடு பகிரக்கூடியது. வருமானத்தில் பாதி சாப்பாட்டுக்கே போகிற வீட்டில் பகிர்ந்து மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? அங்கே போய் இரண்டாவது ஆளை அரை ஆள் என்று எழுதுவது அநியாயம். குடும்பம் ஏழையாக ஏழையாக வகுக்கும் எண் தலைக்கணக்கை நோக்கி நகர வேண்டும், இதைப் புரிந்துகொள்ள எந்தப் பட்டமும் வேண்டாம்.

வயதுக் கதை இன்னும் வேடிக்கை. பதின்மூன்று வயதுப் பையன் 0.3. பதினான்காவது பிறந்தநாள் காலையில் எழுந்தால் 0.5. உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தப் பசி பிறந்தநாளுக்குக் காத்திருக்காது, அதற்கு முன்பே வந்துவிடும். வளரும் வயதில், அதுவும் பதினான்கு பதினைந்தைத் தாண்டிய பையனுக்கு, வளர்ந்த ஆணுக்கு நிகராகச் சாப்பாடு வேண்டும், சமயத்தில் கூடவே வேண்டும். என் இரண்டாமவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூட இறக்காமல் மூடி வைத்த பாத்திரம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பான். அவனுடைய தாத்தா பாட்டி இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவதை அவன் ஒருவனே சாப்பிடுவான், உங்கள் கணக்கிலோ அவன் 0.3, அவர்கள் ஆளுக்கு 0.5. இத்தனைக்கும் உங்கள் ஆதிகுரு ஏங்கலே கடைசிக் காலத்தில், 1895-இல், இதைவிட நுணுக்கமாகப் போட்டிருக்கிறார். பிறந்த குழந்தையின் செலவை ஒன்று என்று வைத்து, பிறகு வருடத்துக்கு 0.1 கூட்டு, பெண்ணுக்கு இருபது வயது வரை, ஆணுக்கு இருபத்தைந்து வயது வரை. அதில் பெண்ணுக்கு 3, ஆணுக்கு 3.5 என்று முடிகிறது. அந்த அரை எங்கே போனது என்று நானும் கேட்பேன், ஆனால் வருடா வருடம் ஏறுகிற படிக்கட்டாவது போட்டாரே.

கோடு கிழிப்பவர்கள் இன்னொரு கதையையும் மறக்கக் கூடாது. அமெரிக்க அரசில் வேலை பார்த்த மாலி ஒர்ஷான்ஸ்கி 1960-களின் தொடக்கத்தில் வறுமையை அளக்க ஒரு வழி சொன்னார். 1955-இல் எடுத்த கணக்கில் மூன்று பேரும் அதற்கு மேலும் உள்ள குடும்பங்கள் வரி போக வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழித்தன. அதனால் மிகச் சிக்கனமான சாப்பாட்டுத் திட்டத்துக்கு ஆகும் செலவை மூன்றால் பெருக்கினார். இரண்டு பேர் குடும்பத்துக்குப் பெருக்கும் எண் 3.7, ஏனென்றால் சின்னக் குடும்பத்துக்குச் சாப்பாடு போக மற்ற செலவின் பாரம் அதிகம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. குடும்பத்தில் எத்தனை பேர், அதில் பிள்ளைகள் எத்தனை என்று பார்த்துத் தனித்தனிக் கோடு. அந்தக் காலத்துக்கு எவ்வளவு அக்கறையான வேலை! பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? விலைவாசிக்கு ஏற்றபடி கோட்டை ஏற்றினார்கள், மூன்று என்ற எண்ணைத் தொடவில்லை. அதற்குப் பிறகு அங்கே சாப்பாட்டின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து வெகுவாக இறங்கிவிட்டது, வீட்டுச் செலவும் மருத்துவச் செலவும் ஏறின. அவர் இருந்த காலத்து வாழ்க்கையை அளந்த கோல் அது, அதையே பிடித்துக்கொண்டிருந்தால் அவர் என்ன செய்வார்.

வீட்டுக்குள் யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதை உங்கள் கணக்கு தொடுவதே இல்லை, அதைப் பற்றி நீட்டப் போவதில்லை. ஒன்று மட்டும். குடும்பச் சாப்பாட்டுச் செலவு போதுமான அளவில் இருக்கிறது என்று நீங்கள் எழுதும் வீட்டிலேயே, பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிற ஆளுக்குப் போதாமல் இருக்கலாம், குடும்பம் பெரிதாகப் பெரிதாக அந்த வாய்ப்பும் பெரிதாகும். பணம் யார் கைக்கு வருகிறது என்பதும் கணக்கை மாற்றும். பிரிட்டனில் 1970-களின் கடைசியில் பிள்ளைகளுக்கான சலுகையை அப்பாவின் சம்பளத்திலிருந்து எடுத்து அம்மா கையில் கொடுக்க ஆரம்பித்த பிறகு, ஆண்களின் துணிக்குப் போகும் செலவோடு ஒப்பிட்டால் பெண்கள், பிள்ளைகளின் துணிக்குப் போகும் செலவு கூடியது. குடும்பம் அதேதான், கை மட்டும் மாறியது.

இப்போது உதவி கொடுப்பவர்களிடம் நேராகப் பேசுகிறேன். உங்கள் விண்ணப்பங்களில் வருமான வரம்பு என்று ஒரு எண் இருக்கும். பல இடங்களில் அது குடும்பத்துக்கு ஒரே எண், இரண்டு பேர் குடும்பமானாலும் எட்டுப் பேர் குடும்பமானாலும். இரண்டு மகன்கள் சம்பாதிக்கிற எட்டுப் பேர் வீடு வரம்பைத் தாண்டிவிடும், ஒருவர் சம்பாதிக்கிற இரண்டு பேர் வீடு உள்ளே வந்துவிடும், தலைக்கு வருவதைப் பார்த்தால் எட்டுப் பேர் வீடுதான் தரையில் கிடக்கும். விளைவு என்ன தெரியுமா? சேர்ந்து இருந்து சேர்ந்து சமைக்கிற குடும்பம் தாளில் இரண்டாகப் பிரிகிறது. நீங்கள் அதைப் பித்தலாட்டம் என்பீர்கள். எட்டுப் பேருக்கும் இரண்டு பேருக்கும் ஒரே வரம்பு வைத்ததற்கு என்ன பேர் வைப்பது? கொடுப்பதிலும் இதே கோணல். வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே அளவாகக் கொடுத்தால் பெரிய குடும்பத்துக்குப் பத்து நாளில் தீர்ந்துவிடும். தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் தனியாக இருக்கிற கிழவிக்கு மருந்துக்கும் விளக்குக்கும் மிஞ்சாது, ஏனென்றால் பகிர்ந்துகொள்ள அவளுக்கு ஆளில்லை. வீட்டுக்கென்று ஒரு நிலையான தொகை, அதற்கு மேல் வாய்க்கு இவ்வளவு, அதில் வளரும் பிள்ளைக்குப் பெரியவர் அளவு. இதைவிடச் சிக்கலான எதையும் நான் கேட்கவில்லை.

கணக்கெடுப்பவர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. அடுத்த அறிக்கையில் சாப்பாட்டின் பங்கைக் குடும்ப அளவுவாரியாகப் பிரித்துப் போடுங்கள், வருமான அடுக்கு ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தப் பிரிவு வேண்டும், இல்லாவிட்டால் பெரிய குடும்பங்களும் ஏழைக் குடும்பங்களும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து எது எதனால் என்று தெரியாமல் போகும். எந்தச் சமானக் கணக்கால் வகுத்தீர்கள் என்று அட்டவணையின் மேலேயே எழுதுங்கள், வேறு கணக்கால் வகுத்தால் எத்தனை வீடு கோட்டுக்கு அந்தப் பக்கம் போகும், எத்தனை இந்தப் பக்கம் வரும் என்றும் காட்டுங்கள். வெளியில் சாப்பிடுகிற பெரியவர்களைத் தனியாக ஐந்து நிமிடம் கேளுங்கள். அப்புறம், கேட்க வருகிற பிள்ளைகளைச் சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்பாதீர்கள், அந்த நேரத்தில் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் அடுப்பு முன்னால் நிற்கிறாள். காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசலாம்.

இப்படிக்கு,
ஏழு பேர் வீட்டில் கணக்கு எழுதுகிறவள்